முப்பத்தேழு ஜன்னலாண்ட கீது

624-ஐ 6-ஆல் வகுத்தால் 14.

லஸ் கார்னரில் ஏறி, ஆழ்வார்பேட்டை சிக்னலில் மாட்டிக்கொண்ட பஸ்ஸில், ஐந்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் தாளில் 14. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அடுத்ததிலும் 14. அதற்கடுத்த தாளில் 14-ஐச் சுற்றிப் பெட்டி கட்டி, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தது.

பூ வரையும் அளவுக்கு நம்பிக்கை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா, பேப்பரப் பாத்து சிரிச்சிக்கினு கீற? எல்லாம் ஃபெயிலா?"

"முக்கால்வாசிப் பேர் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்கக்கா."

"காப்பி அட்ச்சிருக்கும்ங்க."

காப்பி அடித்திருந்தால் கவலையே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒழுங்காக, சொல்லிக்கொடுத்தபடியே போட்டிருந்தார்கள். ஆறில் ஆறு ஒரு தடவை. இரண்டை இறக்கு, போகாது. நாலையும் இறக்கு, இருபத்து நாலில் நாலு தடவை. ஒன்று, நாலு, பதினாலு. நடுவில் "போகாது" என்று சொன்ன இடத்தில் ஒரு சைபர் போட வேண்டும். அதைத்தான் விட்டுவிட்டார்கள். சரியான விடை 104.

அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அறுநூற்றுச் சொச்சத்தை ஆறு பேருக்குப் பிரித்து ஆளுக்குப் பதினாலு கொடுத்தால், மீதி ஐநூற்று நாற்பது எங்கே போயிற்று? அந்தக் கேள்வியை ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் சொல்லித் தரவில்லை.

சிக்னல் விழுந்தது. பஸ் குலுங்கியது. சிவப்புப் பேனா யாருடைய தாளிலோ நீளமாக ஒரு கோடு இழுத்தது. அந்தக் குலுக்கலில்தான் தோன்றியது: பென்சிலைத் தொடுவதற்கு முன்னால், விடை எந்த ஊரில் இருக்கும் என்று சொல்ல வைக்க வேண்டும். தெருவும் கதவு எண்ணும் அப்புறம். முதலில் ஊர்.

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவற விட்டேன். திரும்பி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

ஏறக்குறைய நூற்றிநாலு

இந்தத் தொடரை இன்றுதான் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வரி. எம்.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு, ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காலில் எறும்பு ஏறிய மாதிரி ஆகி, மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கு ஓடி வந்தவள் நான். பெயர் சுபா. வீடு மேற்கு மாம்பலம். பொறுமை குறைவு. அதை வாராவாரம் நீங்களே பார்க்கிறீர்கள்.

மறுநாள் காலை பலகையில் அதே கணக்கை எழுதினேன். "யாரும் போடக் கூடாது. ஏறக்குறைய எவ்வளவு வரும்? சொல்லுங்க."

கடைசி பெஞ்சு யுவராஜ் கை தூக்கினான். அவன் கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிறவன். "ஒரு லட்சம் மிஸ்."

முதல் பெஞ்சில் பவித்ரா நிதானமாக எழுந்தாள். இரட்டைச் சடை, மூக்கு நுனியில் எப்போதும் கொஞ்சம் வியர்வை. கோடம்பாக்கத்திலிருந்து வருகிறவள், அவள் அம்மாவுக்கு சாந்தோமில் வேலை, வரும் வழியில் இவளை விட்டுவிட்டுப் போவார். வகுப்பில் 104 என்று சரியாக எழுதிய சிலரில் அவளும் ஒருத்தி.

"ஏறக்குறைய நூத்திநாலு மிஸ்."

"ஏறக்குறையவா, சரியாவா?"

"ஏறக்குறைய, சரியா நூத்திநாலு."

மேசைக்கு அடியில், ஆள்காட்டி விரலால் தொடையில் முழுக் கணக்கையும் போட்டு முடித்திருந்தாள். அடுத்த கணக்கு கொடுத்தேன்: 735-ஐ 7-ஆல். இப்போது வகுப்பு முழுக்க விரல்கள் தொடையில் ஓடின. ஒரு பையன் மட்டும் "நூறு" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன்.

"நூத்தஞ்சு வந்துச்சி மிஸ். நீங்க ஏறக்குறைய கேட்டீங்கல்ல, அதான் அஞ்ச தூக்கிட்டேன்."

மதியம் அருள்மேரி டீச்சரிடம் புலம்பினேன். நாலாம் வகுப்பு. சாந்தோம்காரர். அப்பா டீச்சர், அம்மா டீச்சர், பாதிச் சொந்தம் டீச்சர். தங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில்கூட கை தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பார். டிபன் பாக்ஸை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுங்க மேல தப்பே இல்ல சுபா. நீ குத்துமதிப்பு கேக்கற. அதுங்க சரியான விடையைப் போட்டு, மேல கொஞ்சம் அழுக்கைத் தடவி உன் கையில குடுக்குதுங்க. உனக்கு வேணுங்கறது அழுக்குதானேன்னு."

பேப்பரில் விழுந்த ஓட்டை

ஏன் இப்படி என்று யோசித்தபோது, நான் ஐந்தாவது படித்த காலம் ஞாபகம் வந்தது. விடை தப்பானால் அழிக்க வேண்டும். இன்னொரு தரம் தப்பானால் இன்னொரு தரம் அழிக்க வேண்டும். எச்சில் தொட்டு அழித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, என் நோட்டில் வகுத்தல் வந்த பக்கமெல்லாம் ஓட்டை. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துப் பெருக்கல் தெரியும். அந்த ஈரமான ரப்பர் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

தப்பு அங்கே தடயம் விட்டுப் போகிறது. அதுதான் விஷயம் என்று பட்டது. வெளியே பாருங்கள், இந்த ஊரே குத்துமதிப்பில்தான் ஓடுகிறது. ஷேர் ஆட்டோக்காரர் உள்ளே ஒரு பார்வை பார்த்து "இன்னும் ரெண்டு பேரு" என்கிறார். நம்ப முடியாது, ஆனால் ஏறிவிடுகிறோம். என் வகுப்புப் பையன்களுக்குப் பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே அது சுவரைத் தாண்டுமா, ஹெச்.எம். அறைக்குள் போகுமா என்று தெரிந்துவிடும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் தெரிந்துவிடும். நோட்டைத் திறந்தால்தான் அந்தக் கண் மூடிக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அம்மா பக்கெட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கொடியில இன்னும் ரெண்டு புடவைக்கு இடம் இருக்கா பாரு" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் அளக்கவே இல்லை. பார்த்தேன், சொன்னேன். இடம் பற்றாவிட்டால் கிளிப்பை எடுத்துக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். கிளிப் எடுத்த இடத்தில் கறை இருக்காது, ஓட்டை இருக்காது.

பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடைத்தெருவில் இறங்கினேன்.

பசங்களைக் காயப்போடுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். இப்போது கடை மட்டும்.

"கிளிப் பிளாஸ்டிக்கா, மரமா?"

"பேர் எழுதணும். எதுல நல்லா எழுதலாம்?"

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துணிக்கு எதுக்குமா பேரு?"

"துணி இல்லண்ணே. பசங்களைக் காயப்போடறேன்."

"அப்ப மரமே எடுத்துக்க. பிடி கெட்டியா இருக்கும்."

திங்கட்கிழமை வகுப்பின் குறுக்கே கயிறு ஏறியது. ஒரு முனை ஜன்னல் கம்பியில். மறுமுனை, எதிர்ச்சுவரில் வரைபடம் மாட்டுகிற ஆணியில். ஜன்னல் பக்கம் சைபர், வரைபடப் பக்கம் ஆயிரம். நடுவில் நூறு நூறாக அட்டை. எல்லார் பெயரிலும் ஒரு கிளிப்.

விதி எளிது. பென்சில் பாக்ஸ் மூடியிருக்க வேண்டும். கணக்கைப் பலகையில் எழுதுவேன். பத்துக் கைதட்டல். அதற்குள் ஓடி வந்து, விடை இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் கிளிப்பை மாட்ட வேண்டும். தொடையில் கணக்குப் போட நேரம் கிடையாது. பிறகு நோட்டைத் திறந்து சரியான விடையைப் போடலாம். கிளிப்பை நகர்த்த வேண்டும் என்று தோன்றினால் நகர்த்தலாம். யாரும் எதுவும் சொல்லக் கூடாது.

முதல் நாள் கயிறு முழுக்கக் கிளிப் இறைந்து கிடந்தது, சந்தைக்கடை மாதிரி. யுவராஜ் ஆயிரத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு வரைபடத்தில் கன்னியாகுமரியில் மாட்டியிருந்தான்.

ஆனால் அந்த வாரமே அவன்தான் ஒன்றைக் கண்டுபிடித்தான். 443-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும். நூறுக்கு முழுமையாக்குங்கள் என்று புத்தகத்தில் இருக்கிறபடி சொல்லி, 443-ஐ 400 ஆக்கினேன். எல்லாரும் விழித்தார்கள். நானூறு ஏழால் மீதியில்லாமல் வகுபடாதே.

"மிஸ், நானூறு ஏழுக்கு ஆவாது" என்றான் யுவராஜ். "நானூத்தி இருவதுதான் அதுக்கு தோஸ்து. ஆறேழு நாப்பத்திரண்டு. அறுவதாண்ட மாட்டலாம்."

எனக்கு அவனைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருக்கிற நூறைத் தேடுவதை விட, வகுக்கிற எண்ணுக்குப் பிடித்த எண்ணைத் தேடு. அவ்வளவுதான் ரகசியம். நான் படித்த கல்லூரியில் இதற்குப் பெயர் சொல்லியிருந்தால்கூட நினைவில் நின்றிருக்காது. தோஸ்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கணக்கு எழுதினாலும் வகுப்பு முழுக்க ஒரே முணுமுணுப்பு: "எட்டுக்கு தோஸ்து யாரு? ஒம்போதுக்கு யாருடா?"

பவித்ரா மட்டும் கிளிப்பை மாட்டவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து வருவாள், கயிற்றடியில் நிற்பாள், பத்தாவது கைதட்டல் விழும்போதும் கிளிப் அவள் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும். கையை விரித்தால் மரத்தின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும்.

"தப்பாப் போச்சுன்னா மிஸ்?"

"நகர்த்திக்கலாம்டா."

"எல்லாரும் பாப்பாங்களே."

நான் அடுத்த கணக்கை எழுதப் பலகைப் பக்கம் திரும்பினேன்.

கதவு மூடாது மிஸ்

பவித்ராவின் அப்பா ஒரு மாலை பள்ளி வாசலில் நின்றார். சட்டைப் பையில் இஞ்ச் டேப், காதோரம் பென்சில், முழங்கையில் பிளைவுட் தூள்.

"மிஸ், நான் ஷூட்டிங்குக்கு செட்டு போடற கார்பெண்டர். அரண்மனை போட்டிருக்கேன், ஜெயிலு போட்டிருக்கேன். எதுலயும் குத்துமதிப்பு கெடையாது. அரை இஞ்சி தப்பினா கதவு மூடாது மிஸ். கேமராவுல தெரியாதும்பாங்க. தெரியும்."

"இது அந்த மாதிரி இல்லண்ணே..."

"பாப்பா கரெக்டா போட்டுக்கினு இருந்துச்சி. கரெக்டா தெரிஞ்ச பொண்ண, போடாத, சும்மா சொல்லுன்றீங்களாம். வூட்ல வந்து அழுவுது. எங்க வூட்ல கணக்கு வர்ற மொத ஆளு மிஸ் அது."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

மறுநாள் ஹெச்.எம். கூப்பிட்டார். மேசையில் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பேச்சு நீளும் என்று அர்த்தம். கழற்றி வைத்தார்.

"சுவத்துல ஆணி ஆடுது. பேரன்ட் வந்துட்டுப் போறார். அஞ்சாம் கிளாஸ் கொடியில தொங்குதுன்னு மத்த கிளாஸ்ல பேச்சு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நான் வந்து உக்காரறேன். ஒரே ஒரு கணக்கு. உங்க கயிறு எதுக்கு உதவுதுன்னு எனக்குத் தெரியணும். தெரியலைன்னா அன்னைக்கே கழட்டிடுங்க, பழையபடி வாய்ப்பாடு."

வெளியே வந்ததும் அருள்மேரி டீச்சர், "கயிறு போனா போகட்டும், உன்னைக் கழட்டலையே" என்றார். ஆறுதல் சொல்கிற முறை அது.

வெள்ளிக்கிழமை

ஹெச்.எம். கடைசி பெஞ்சில், யுவராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த பீரியட் முழுக்க அவன் வாழ்க்கையில் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கதவோரம் அருள்மேரி டீச்சர், ஏதோ சாக்பீஸ் கேட்க வந்தவர் மாதிரி.

"2456-ஐ 8-ஆல்" என்றார் ஹெச்.எம்.

பலகையில் எழுதினேன். கைதட்ட ஆரம்பித்தேன். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. "எட்டுக்கு தோஸ்து ரெண்டாயிரத்தி நானூறுடா... முந்நூறு, முந்நூறு." கிளிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக முந்நூறு அட்டையைச் சுற்றிக் கடித்தன. கயிறு அந்த இடத்தில் தொய்ந்தது. எட்டாவது தட்டலில் பவித்ரா கயிற்றடியில் நின்றாள். கை மூடியிருந்தது. ஒன்பது. நான் தட்டுவதைக் கொஞ்சம் இழுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். பத்து விழுவதற்குள் அவள் எம்பி, முந்நூறைத் தாண்டி விரல் அகலத்தில் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போய் உட்கார்ந்தாள்.

நான் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஹெச்.எம். சொன்னது பாதிதான் கேட்டது. "சரியான விடையை நீங்களே போட்டுக் காட்டுங்க, சுபா."

போட்டேன். சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டேன். "இருபத்து நாலில் மூணு தடவை. அஞ்சை இறக்கு, போகாது. ஆறை இறக்கு. அம்பத்தாறில் ஏழு தடவை." விடையைச் சுற்றிப் பெட்டி கட்டினேன். கீழே இரட்டைக் கோடு இழுத்தேன். பூ மட்டும்தான் வரையவில்லை.

37.

திரும்பினேன். எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், மறுபடி கயிற்றைப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

முதல் பெஞ்சில் பவித்ரா எழுந்தாள். "மிஸ், அது இருக்காது."

"போட்டுப் பாத்தியா?"

"இல்ல மிஸ், போடல." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். விரல்கள் சும்மா இருந்தன. "ஆனா இருக்காது. முப்பத்தேழு எங்க கீது பாருங்க. ஜன்னலாண்ட கீது. நாங்க எல்லாரும் இங்க கீறோம்."

கிளிப் அத்தனையும் முந்நூறில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் வெறும் கயிறு, வெயில், தூசி. நான் பலகையைப் பார்த்தேன். மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு சைபர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. 307. அந்தப் பஸ்ஸில் நான் பார்த்துச் சிரித்த அதே தப்பு.

கதவோரத்திலிருந்து ஒரு சத்தம். அருள்மேரி டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"வேணும்னே விட்டீங்களா?" என்றார் ஹெச்.எம்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்திருப்பேன். "இல்ல மேடம். நெஜமாவே விட்டுட்டேன்."

ஹெச்.எம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். கயிற்றருகே வந்து, பவித்ரா என்று எழுதியிருந்த கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். "கயிறு இருக்கட்டும். பசங்களுக்கு இல்லன்னாலும் உங்களுக்குத் தேவைப்படுது."

வகுப்பு சிரித்த சிரிப்பு லஸ் வரைக்கும் கேட்டிருக்கும். "ஆனா அந்த ஆணி வேணாம். சுவர் பேந்துடும். வேற ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க" என்றார் ஹெச்.எம்.

அவர் போனதும் யுவராஜ், "மிஸ்ஸுக்கும் ஒரு கிளிப் குடுங்கடா" என்றான். உடனே மூன்று பேர் எழுந்து தேட ஆரம்பித்தார்கள்.

மரம் வாங்கணும்

இதற்கு அடுத்த வாரம். காலைப் பிரார்த்தனை முடிந்து வரிசை கலைகிறபோது பவித்ரா என் புடவை நுனியைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிஸ், கயிறு கட்டறதுக்கு எங்கப்பா ஸ்டாண்டு செஞ்சி தராராம். ஹெச்.எம். மேடம் ஆணி வேணாம்னாங்கன்னு சொன்னேன். நான் தப்பு கண்டுபுட்ச்சதையும் சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"போடாமயே எப்பிடிடீ தெரிஞ்சிதுன்னு மூணு வாட்டி கேட்டாரு." மூக்கு நுனி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்டாண்டு எவ்ளோ நீளம் வேணும்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

நான் வராந்தாவைப் பார்த்தேன். அளவெடுக்க வகுப்பு மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தேன்.

"அளக்க வேணாமாம் மிஸ். மரம் வாங்கறதுக்குக் குத்துமதிப்பா சொன்னா போதுமாம். அறுக்கறதுக்கு முன்னாடி அவரே வந்து அளந்துப்பாராம்."

ஸ்கேலைக் கீழே வைத்தேன். வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். "முப்பது அடி இருக்குமா?" என்றேன். அவள் கண்ணைச் சுருக்கி, "இருவத்தஞ்சு மிஸ்" என்றாள். விரல் அசையவில்லை.

இருபத்தைந்து என்றே சொல்லி அனுப்பினேன்.

அவ்வளவு நீளம் ஏன் என்றால், இனிமேல் நூறு நூறாக அட்டை போதாது, பத்துப் பத்தாக வேண்டும். அடுத்தது ஈரிலக்க எண்ணால் வகுப்பது. கயிறு வகுப்பை விட்டு வராந்தாவுக்குப் போகிறது. ஒரு முனை சைபர், மறுமுனை அதே ஆயிரம். முதல் கணக்கையும் தேர்ந்தெடுத்துவிட்டேன்: 6187-ஐ 23-ஆல். இருபத்து மூன்றுக்கு தோஸ்து யார்? அதையே இருபதாக்கி ஆறாயிரத்தைப் பிடித்தால் விடை ஓரிடம். இருபத்தைந்தாக்கினால் வேறிடம். இரண்டில் எது கிட்டப் போகும் என்று நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. போடவும் போவதில்லை. சுபா மிஸ் என்று யுவராஜ் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்த கிளிப் என் கைப்பையில் இருக்கிறது. ஸ்டாண்டு வந்து நின்றதும், பத்துக் கைதட்டலுக்குள் நானும் அவர்களோடு ஓட வேண்டும். கைதட்டப் போகிறவள் பவித்ரா.